வைக்கோல் சாம்பல்

தீபாவளி கழிந்த இரண்டாவது வாரம் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வர ஆரம்பித்தன. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஹாஜிரா பீயின் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

பெருங்குடி ரயிலடியிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது அந்த லாண்டரி. ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற துணிதான் அங்கே வேலை. துவைத்துப் பிழிந்த விரிப்பு, நீராவியில் சூடேறிய பெரிய உருளைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சுட்ட அப்பளம்போல வெளியே வரும். பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று மூலைக்கு மூலை பிடித்து மடிப்பார்கள். ஹாஜிரா ஒன்பது வருஷமாக அங்கே நிற்கிறாள். அவளுக்கு எதிர்மூலை பிடிக்கிறவள் சூடாமணி.

"இன்னாக்கா இது, பச்சப்புள்ள ஒண்ணுக்குப் போன மாதிரி கீது?" சூடாமணி விரிப்பைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். "பாய் அடுப்ப அணைச்சிட்டு டீக்கடைக்குப் போய்ட்டாரா?"

தலைக்கு மேலே விசிறியும் சோம்பலாகச் சுற்றியது. பாய்லரிலிருந்து வரும் நீராவியில் ஒரு பங்கு சின்ன டர்பைன் ஒன்றை ஓட்டி அந்தக் கூடத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. நீராவி இளைத்தால் விசிறியும் இளைக்கும்.

"போன மாசத்துலேர்ந்தே அடுப்பு சரியில்லடி," என்றாள் ஹாஜிரா. அடுத்த விரிப்பின் மூலையை இழுத்துப் பிடித்தாள்.

பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் புருஷன் வலியுல்லா. ஐம்பத்து மூன்று வயது. அரசாங்கப் பரீட்சை எழுதி பாய்லர் சர்டிபிகேட் வாங்கியவர். தீயின் நிறத்தைப் பார்த்தே காற்று போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். நான்கு வருஷத்துக்கு முன்னால் முதலாளி செந்தில்குமார் டீசலை விட்டுவிட்டு கடலைத்தோல் கட்டைக்கு மாறினார். கடலைத்தோலையும் மரத்தூளையும் இயந்திரத்தில் போட்டு அழுத்தினால் உலக்கைத் துண்டுபோல உருட்டுக்கட்டையாக வரும். நின்று எரியும். டீசலில் இல்லாத தொல்லை ஒன்றுதான் அதில் கூடுதல். சாம்பல்.

ஆனால் கடலைத்தோல் சாம்பல் சாது. கோதுமை மாவுபோலப் பொலபொலவென்று கீழே உதிரும். வேளைக்கு இரண்டு தடவை வாரி, தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டினால் ஆயிற்று. அதைச் செய்கிறவர் நொச்சிக்குப்பத்து அங்கமுத்து. முன்பு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். "மீன் புடிச்ச கையில சாம்பலப் புடிச்சிகினு கீறேன் பாய். ரெண்டும் வழுக்குது," என்று சிரிப்பார்.

கீழே உதிராத சாம்பல் புகையோடு பறந்துபோய் பாய்லரின் குழாய்களில் படியும். படியப் படிய, சூடு தண்ணீரில் ஏறாமல் சிம்னி வழியாக வீணாகப் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்பை ஆறவிட்டு, வலியுல்லாவும் அங்கமுத்துவும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு குழாயாகத் தேய்ப்பார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது இருவரில் யார் பாய், யார் அங்கமுத்து என்று சூடாமணிக்கே அடையாளம் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேய்ப்புதான் முதலில் நின்றுபோனது. புதிதாக ஓர் ஆஸ்பத்திரி துணி அனுப்பத் தொடங்கியது. "இந்த வாரம் ஒண்ணும் ஆகாது பாய், அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றார் செந்தில்குமார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

அடுத்தது கட்டை. ஆடி மாதத்திலிருந்து கட்டை கொடுப்பது ஹாஜிராவின் தம்பி அமீன்.

அமீனுக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். தி.நகரில் செல்போன் கவர் விற்றான், ஷேர் ஆட்டோ ஓட்டினான், சவுதிக்குப் போய் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தான். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் திருப்போரூர் பக்கம் ஒரு கொட்டகையும் கட்டை அழுத்தும் இயந்திரமும் அமைந்தபோது, "நீங்க ஒரு வார்த்த மொதலாளிகிட்ட சொல்லுங்களேன்," என்று புருஷனை நச்சரித்தவள் ஹாஜிராதான். வலியுல்லா அதுவரை முதலாளியிடம் எதையும் கேட்டதில்லை. அவளுக்காகப் போய்க் கேட்டார். முதல் மூன்று மாதம் கட்டை நன்றாகத்தான் எரிந்தது.

அன்று சாயங்காலம் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருந்த தங்கள் வீட்டில், வலியுல்லா சோற்றில் கை வைக்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கரும்பச்சையில் ஒரு கட்டி. ஒரு பக்கம் நுரைத்து இறுகியிருந்தது. மறுபக்கம் பாட்டில் கண்ணாடிபோலப் பளபளத்தது.

"தொட்டுப் பாரு. இது சாம்பல்னு சொன்னா நம்புவியா?"

அவள் தொட்டுப் பார்த்தாள். விளிம்பு விரலைக் கீறியது.

"உருகி ஓடி இறுகியிருக்கு. நாங்க கிளிங்கர்னு சொல்லுவோம். அடுப்புக்குக் கீழ காத்து வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சிகினு கீது. குழாய் மேலயும் அப்பியிருக்கு. அங்கமுத்து கடப்பாறையில குத்திக் குத்தி எடுக்குறாரு. கடலைத்தோல் இப்பிடி ஆவாது ஹாஜிரா. இருபத்தேழு வருஷ பாய்லர் வேலைல இந்த மாதிரி நான் பாத்ததில்ல." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் தம்பி வேற எதனா கலக்குறானா?"

தால்ச்சாவைக் கிளறிக்கொண்டிருந்த ஹாஜிரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க."

அவர் தலையசைத்தார். கட்டியைப் பொட்டலமாக மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கத்தரிக்காய் இன்றைக்கு நன்றாக வெந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அமீனின் மனைவி ஜுவேரியாவோடு அந்தக் கொட்டகைக்குப் போயிருந்தாள். வீட்டில் பிரியாணி செய்திருந்தார்கள். தூக்கில் எடுத்துக்கொண்டு போனார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடலைத்தோல் குவிந்திருக்க வேண்டிய மூலை காலியாகக் கிடந்தது. இன்னொரு மூலையில் கூரை முட்ட வைக்கோல் கட்டு. இரண்டு பேர் அதை வெட்டி வெட்டி இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வயலிலிருந்து வாரியபோது ஒட்டிய மண்கூட உதறப்படவில்லை.

"இன்னாடா இது?"

"மழைல கடலைத்தோலே கெடைக்கல ஆபா. லாரி வரல. லோடு நிறுத்துனா வேற ஆள வச்சிருவாங்க." அமீன் தூக்கைத் திறந்து கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "எல்லாம் எரியிற சாமான்தானே. ரெண்டு மூணு லோடுதான். வெயில் வந்தா பழைய மாதிரி ஆயிரும். பாய்கிட்ட மட்டும் சொல்லாத. அவரு ஒடனே பாய்லர் நோட்டுல எழுதி வச்சிருவாரு."

எல்லாம் எரிகிற சாமான்தானே என்று அவளும் நினைத்துக்கொண்டாள். பாய்லர்காரன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும், எரிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

பொட்டலம் ஜன்னலோரத்துக்கு வந்த நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். விசிறி மறுபடி இளைத்தது. "பாய்கிட்ட போய்ச் சொல்லுக்கா, இது இப்பிடியே மடிச்சா பூஞ்ச புடிச்சிரும்," என்று சூடாமணி சொல்லி வாய் மூடவில்லை, பாய்லர் கொட்டகைப் பக்கம் 'தொம்'மென்று ஒரு சத்தம். தொடர்ந்து ஓர் ஆளின் அலறல்.

ஹாஜிரா கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அடுப்புக் கதவு திறந்து கிடந்தது. சாம்பல் புகைக்குள் வலியுல்லா அங்கமுத்துவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய தாடியில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே கிடத்தி, ரப்பர் குழாயைத் திறந்து அங்கமுத்துவின் கையிலும் கழுத்திலும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். "மேல ஊத்து, நிறுத்தாத, நிறுத்தாத," என்று ஹாஜிராவிடம் குழாயைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, கட்டை போவதை நிறுத்தினார்.

அங்கமுத்துவின் வலது கை முழங்கைக்கு மேல்வரை வெந்திருந்தது. காதோரமும் கழுத்தும் வெந்திருந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கண்ணு கீதா பாரு. தொறக்க பயமாகீது."

"இருக்குண்ணே. இமைமேல சாம்பல்தான். இருக்கு."

அவள் குழாயை அவர் கழுத்துப் பக்கம் திருப்பினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கூடத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

நடந்தது இதுதான். குழாயின் மேல் பலகைபோலப் படிந்திருந்த கட்டியை அங்கமுத்து கதவைத் திறந்து கம்பியால் இடித்தார். அது மொத்தமாகப் பெயர்ந்து நெருப்பின் மேல் விழுந்தது. மேலே புகை போகும் வழிதான் அடைபட்டுக் கிடந்ததே. கிளம்பிய தீயும் கங்கும் திறந்திருந்த கதவு வழியாக வெளியே பாய்ந்தன.

மறுநாள் சாயங்காலம் ஹாஜிரா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காய வார்டுக்கு வெளியே தரையில் அங்கமுத்துவின் மனைவி தேசம்மா உட்கார்ந்திருந்தாள். நொச்சிக்குப்பத்து ரோட்டில் மீன் விற்கிறவள். ஹாஜிரா வாரத்துக்கு இரண்டு முறை அவளிடம்தான் நெத்திலி வாங்குவாள். முந்தின நாள் விற்ற மீனின் செதில் அவள் முழங்கையில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"உசுருக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. கண்ணும் தப்பிச்சிக்கிச்சு," என்றாள் தேசம்மா. "கைதான். தோலு எடுத்து வச்சி ஒட்டணுமாம். விரலு மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாதாம்."

ஹாஜிரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கூட்டுக்காரர் இல்லன்னா என் ஆளு அங்கயே வெந்துகினு இருந்திருப்பாரு. பாயி நெருப்புல கைய வுட்டு இழுத்தாராமே. அந்த மொதலாளி அவரு மேலயே பழியத் தூக்கிப் போடுறானாம், சரியா பாக்கலன்னு. சூடாமணி போன் பண்ணிச் சொல்லிச்சு." தேசம்மா மூக்கை உறிஞ்சினாள். "யாரு வந்து கேட்டாலும் நான் வந்து சொல்றேன் ஹாஜிராம்மா. பாயி மேல ஒரு தப்பும் கெடையாதுன்னு நான் சொல்றேன்."

சொல்லிவிட வேண்டும் என்று ஹாஜிராவின் நாக்கு வரைக்கும் வந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். தேசம்மா எழுந்து போய்விட்டாள். ஹாஜிரா கொண்டுபோயிருந்த இட்லிப் பொட்டலத்தை அவள் பையருகே வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை பாய்லர் முழுக்க ஆறியிருந்தது. மந்தைவெளியிலிருந்து பரத்வாஜ் வந்தார். பாய்லர் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், செந்தில்குமாருக்கு யோசனை சொல்கிறவர். நீராவி இல்லாததால் பெண்களுக்கு வேலை இல்லை. கொட்டகைக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பரத்வாஜ் டார்ச்சோடு உள்ளே குனிந்து போய் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். கையில் ஒரு கட்டி.

"செந்தில், இது கடலைத்தோல் சாம்பலே இல்லை. வைக்கோல். அதுல பொட்டாஷ் ஜாஸ்தி, மணல் சத்தும் ஜாஸ்தி. சூடு ஏறித்துன்னா பாகு மாதிரி உருகிடும். ஆறினா பாறை. குழாயெல்லாம் அப்பிண்டிருக்கு. புகைக்கு வழி இல்லேன்னா கதவைத் திறக்கறவன் மூஞ்சிக்குத்தானே வரும்?" அவர் பாய்லர் நோட்டைப் புரட்டினார். "ரெண்டு ஞாயித்துக்கிழமை காலியா இருக்கே?"

"ஆஸ்பத்திரி ஆர்டர் சார். நிறுத்த முடியல," என்றார் செந்தில்குமார்.

"நிறுத்தாததுக்குத்தான் இப்ப மொத்தமா நின்னிருக்கு." பரத்வாஜ் வலியுல்லா பக்கம் திரும்பினார். "பாய், உங்களை எத்தனை வருஷமா பாக்கறேன். இந்தக் கட்டியைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டை சரியில்லைன்னு ஏன் இதுல ஒரு வரி எழுதலை?"

வலியுல்லா தரையைப் பார்த்தபடி நின்றார். பொசுங்கிய தாடியை அவர் இன்னும் திருத்தவில்லை.

"கவனிக்காம வுட்டுட்டேன் சார். என் தப்புதான்."

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் செந்தில்குமார். "சர்டிபிகேட் வச்சிருக்கிற ஆளு கவனிக்கலன்னா நான் என்ன பண்றது?"

ஹாஜிரா எழுந்தாள். சூடாமணி அவள் முந்தானையைப் பிடித்தாள். அவள் அதை உருவிக்கொண்டு நேரே அவர்களிடம் போனாள்.

"அவரு கவனிச்சாரு சார். கட்டிய வீட்டுக்கு எடுத்தாந்து எங்கிட்ட காட்டினாரு. உன் தம்பி வேற எதனா கலக்குறானான்னு கேட்டாரு. தெரியாதுன்னு பொய் சொன்னேன்." புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. "நான் போய்ப் பாத்தேன் சார். நாலு வாரம் ஆவப்போவுது. அமீன் வைக்கோல் போட்டுத்தான் கட்டை அடிக்கிறான். மண்ணோட போடுறான். கண்ணால பாத்தேன். தம்பின்னு மூடி வச்சேன்."

வலியுல்லா, "நீ ஏன் ஹாஜிரா," என்று மெதுவாகச் சொன்னார்.

பரத்வாஜ் இரண்டையும் எழுதினார், வைக்கோலையும் குழாய் தேய்க்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகளையும். அமீனின் கட்டை அன்றோடு நின்றது. அங்கமுத்துவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் லாண்டரியுடையது என்று செந்தில்குமாரை எழுதிக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுத்தான் பரத்வாஜ் கிளம்பினார். வலியுல்லாவுக்கு வேலை போகவில்லை. நோட்டில் எழுதாததற்காக எச்சரிக்கை மட்டும் எழுத்தில் வந்தது. அதை அவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. தரமணியில் ஐ.டி. பிள்ளைகள் ஏறினார்கள். கஸ்தூரிபாய் நகரும் தாண்டியது. ஆற்றுப்பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது வலியுல்லா சொன்னார்:

"நீ பொய் சொல்றேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"கரண்டியக் கீழ வெச்சுட்ட. என்னிக்கும் அப்பிடி வெக்க மாட்ட."

"அப்பறம் ஏன் திருப்பிக் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. நீ சொல்லியிருந்தா நான் எழுதியிருக்கணும்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "எழுதினா உன் மூஞ்சிய எப்பிடிப் பாக்கறதுன்னு பயம். அதான் கேக்கல. அங்கமுத்து கை வெந்ததுல எனக்கும் பங்கு கீது. அங்க நான் சொன்னது பொய்யில்ல ஹாஜிரா."

திருமயிலையில் இறங்கும்போது மழை தூறியது. குடை ஒன்றுதான் இருந்தது. அவர் அதை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் அமீன் போன் செய்தான்.

"நீயா ஆபா சொன்ன? வேற யாராவது சொல்லியிருந்தா பரவால்ல. நீயா?"

"நான்தான்."

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே. ரெண்டு லோடு ஏத்தி ரெடியா நிக்குது. ஜுவேரியா அழுவுறா."

"அங்கமுத்துவப் போய்ப் பாத்தியா?"

அமீன் மறுபடி லோடு என்று ஆரம்பித்தான்.

"பாத்துட்டு வா. வந்தப்புறம் எங்கிட்ட என்ன வேணா பேசு. கேட்டுக்கிறேன்."

அவன் போனை வைத்துவிட்டான். போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அங்கமுத்து வீட்டுக்கு வந்தார். தேசம்மாவும் மறுபடி கடை போட ஆரம்பித்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஹாஜிரா நொச்சிக்குப்பத்துக்கு நடந்தாள். லாண்டரிக்காரர்கள் மூலம் விஷயம் எப்படியும் தேசம்மாவுக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் தன் வாயால் சொல்லாமல் அவளிடம் இனி ஒரு கூறு நெத்திலி வாங்க முடியாது என்று ஹாஜிராவுக்குத் தெரிந்தது.

தேசம்மா அரிவாள்மணையில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க நின்ற ஆள் போகும்வரை ஹாஜிரா காத்திருந்தாள். பிறகு கூடையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பிரியாணித் தூக்கு, வைக்கோல் கட்டு, தம்பி சொன்னது, புருஷன் கேட்டது, தான் சொன்ன பொய், எல்லாம்.

தேசம்மா கையை நிறுத்தவில்லை. ஒரு மீனை எடுத்துச் செதில் சீவி, வயிற்றைக் கீறிக் குடலை எறிந்தாள். காகம் ஒன்று வந்து கொத்திக்கொண்டு போனது. இன்னொரு மீனை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில எம் பக்கத்துல உக்காந்துகினு கையப் புடிச்சிகினு இருந்தியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் பாயிக்காக வந்து சொல்றேன்னு சொன்னேனே. அப்ப?"

"அப்பவும் தெரியும்."

தேசம்மாவின் கை நின்றது. கடலைப் பார்த்தாள். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் பார்த்தாள். முகத்தில் என்ன இருக்கிறது என்று ஹாஜிராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"அவருக்கு இன்னும் மூணு விரலு மடங்கல," என்றாள் தேசம்மா. "ஒண்ணு வுட்டு ஒரு நாளு கட்டு மாத்தணும். காலைல எட்டு மணிக்கு அங்க நிக்கணும். கட்டப் பிரிக்கும்போது கத்துவாரு, புடிச்சிக்கணும். நான் ஏலத்துக்குப் போவணும், மீன் எடுக்கலன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது." மீனைத் துண்டு போடத் தொடங்கினாள். அவள் கண் மீனை விட்டு எழவில்லை. "நீ கூட்டினு போ."

"எத்தினி நாளைக்கு?"

"விரலு மடங்குற வரைக்கும்."

"வரேன்," என்றாள் ஹாஜிரா.

தேசம்மா அடுத்து வந்த ஆளுக்கு மீன் காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஹாஜிரா எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, லாண்டரிக்கு ரயில் பிடிக்க நடந்தாள். போகும் வழியிலேயே சூடாமணிக்குப் போன் செய்து, இனிமேல் ஒன்றுவிட்டு ஒருநாள் வேலைக்குப் பதினொரு மணிக்குத்தான் வர முடியும், மேஸ்திரியிடம் சொல்லிவிடு என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் அங்கமுத்துவின் வீட்டு வாசலில் நின்றாள். அவர் ஒரு கையால் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் மீதிப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.